வாடகை மட்டுமா வீட்டுச் செலவு?

மூன்று ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். "கிண்டி எஸ்டேட்ல வேலை கிடைச்சிருக்கு சார். வீடும் பார்த்துட்டோம். வாடகை ரொம்பக் கம்மி" என்றார். மகிழ்ச்சியோடு கைகுலுக்கி அனுப்பினேன்.

ஜூன் மாதம் எமிஸ் பணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த மாணவனின் பெயர் இன்னும் காமன் பூலிலேயே இருப்பதைக் கண்டேன். எந்தப் பள்ளியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் அதன் பொருள். தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். "பக்கத்துல இருக்கிறது அஞ்சாவது வரைக்கும்தான் சார். பெரிய பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். நான் காலையில அஞ்சரைக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பதாயிடுது. அவங்கம்மாவும் வேலைக்குப் போறாங்க. சின்னவனைப் பார்த்துக்க இவன் வீட்ல இருக்கான். அடுத்த வருசம் சேர்த்துடலாம் சார்" என்றார்.

அந்த அடுத்த வருடம் வரவே இல்லை.

நான் கணித ஆசிரியர். அவனுக்கு மூன்று ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். விழுக்காடு, வட்டி, சராசரி எல்லாம் நடத்தியிருக்கிறேன். அந்தக் குடும்பம் வீட்டைத் தேர்ந்தெடுத்த நாளில் இவற்றில் ஒன்றுகூட அவர்களுக்கு உதவவில்லை. வாடகை என்ற ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுத்தார்கள். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் சில குடும்பங்களாவது சென்னைக்கோ பெங்களூருக்கோ பெயர்கின்றன. அப்படியிருக்க, ஊர் மாறுவதற்கு முன் பகுதிகளையும் வீட்டுச் செலவையும் எப்படி ஒப்பிடுவது என்பதையே ஒரு பாடமாக நடத்தினால் என்ன என்று தோன்றியது. ஒன்பதாம் வகுப்பில் புள்ளியியல் பாடத்தை ஒட்டி, சமூக அறிவியல் ஆசிரியரின் துணையோடு, ஐந்து பாடவேளைகளில் இதை நடத்துகிறேன். அந்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: ஒரு குடும்பம், மூன்று வீடுகள்

கரும்பலகையில் ஒரு குடும்பத்தை எழுதினேன். அப்பா, அம்மா, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. அப்பாவுக்குக் கிண்டித் தொழிற்பேட்டையில் மாதம் 26 நாள் வேலை. மூன்று வீடுகள் பார்த்திருக்கிறார்கள். ஒன்று சைதாப்பேட்டையில், ஒன்று கூடுவாஞ்சேரியில், ஒன்று பெரும்பாக்கத்தில்.

முதலில் வரைபடத்தை விரித்தோம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் புறநகர் ரயில் பாதையை மாணவர்கள் சிவப்பு மையால் வரைந்தார்கள். கிண்டியும் சைதாப்பேட்டையும் அந்தப் பாதையில் அடுத்தடுத்து வருகின்றன. கூடுவாஞ்சேரியும் அதே பாதையில்தான் இருக்கிறது, ஆனால் தாம்பரத்தையும் தாண்டி. பெரும்பாக்கம் ரயில் பாதையில் இல்லை, பேருந்தை நம்பித்தான் இருக்க வேண்டும். "தூரம்" என்ற ஒரே சொல்லுக்குள் ரயில் தூரம், பேருந்து தூரம் என்று இரண்டு வகை இருப்பது இங்கேயே மாணவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து எண்களைக் கொடுத்தேன். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, அந்தந்தப் பகுதியின் இன்றைய நிலவரம் அல்ல. இதை வகுப்பிலும் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.

கூடுவாஞ்சேரி: வாடகை ரூ.6,500. வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ ஒரு நடைக்கு ரூ.20. ரயில் சீசன் டிக்கெட் மாதம் ரூ.300. தண்ணீர்ச் செலவு ரூ.1,000. போகவர ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம்.

பெரும்பாக்கம்: வாடகை ரூ.6,000. பேருந்து ஒரு நடைக்கு ரூ.25. தண்ணீர்ச் செலவு ரூ.700. போகவர மூன்று மணி நேரம்.

சைதாப்பேட்டை: வாடகை ரூ.10,000. பேருந்து ஒரு நடைக்கு ரூ.10. தண்ணீர்ச் செலவு ரூ.300. போகவர ஒரு மணி நேரம்.

"எந்த வீடு?" என்றேன். கணக்குப் போடாமலேயே பெரும்பாலான கைகள் பெரும்பாக்கத்துக்கு உயர்ந்தன. ஆறாயிரம்தான் குறைவு. அந்தத் தந்தையும் இப்படித்தான் தேர்ந்தெடுத்திருப்பார்.

பிறகு குழுக்களாகக் கூட்டிப் பார்த்தார்கள். கூடுவாஞ்சேரிக்கு 6,500 + 1,040 + 300 + 1,000 = ரூ.8,840. பெரும்பாக்கத்துக்கு 6,000 + 1,300 + 700 = ரூ.8,000. சைதாப்பேட்டைக்கு 10,000 + 520 + 300 = ரூ.10,820.

கூடுவாஞ்சேரிக்கும் சைதாப்பேட்டைக்கும் வாடகையில் ரூ.3,500 வித்தியாசம். மொத்தச் செலவில் அது ரூ.1,980 ஆகச் சுருங்கிவிடுகிறது. "இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது" என்று நேரத்தைக் கணக்கிடச் சொன்னேன். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம், 26 நாளுக்கு 65 மணி நேரம். 1,980-ஐ 65-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ரூ.30. தூரத்து வீட்டைத் தேர்ந்தெடுத்தால் அப்பா தம் நேரத்தை மணிக்கு முப்பது ரூபாய்க்கு விற்கிறார் என்று ஒரு மாணவன் சொன்னான். நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

அப்போது மற்றொரு மாணவி, "அம்மாவும் வேலைக்குப் போனா?" என்றாள். அம்மாவுக்கும் கிண்டியிலேயே வேலை என்று வைத்துக்கொண்டோம். சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் சைதாப்பேட்டையில் அம்மாவின் பயணச் செலவு பூஜ்யம். கூடுவாஞ்சேரியில் ஷேர் ஆட்டோவும் சீசன் டிக்கெட்டும் சேர்ந்து இன்னொரு ரூ.1,340. இப்போது 10,180-க்கும் 10,820-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் ரூ.640. அதற்கு விலையாக இருவரும் சேர்ந்து இழப்பது 130 மணி நேரம். வகுப்பு அமைதியானது. பெரும்பாக்கத்துக்கு இதே கணக்கைப் போடுவதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.

இரண்டாம் பாடவேளை: சராசரி சொல்லாதது

"அந்த ஏரியாவில் வாடகை எவ்வளவு?" என்று கேட்டால் யாராவது ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதுதான் இரண்டாம் நாள் பாடம்.

ஒரு தெருவில் ஐந்து வீடுகளின் வாடகை: 7,000, 8,000, 8,500, 9,000, 22,000. கூட்டுச் சராசரி ரூ.10,900. இடைநிலையளவு ரூ.8,500. ஐந்தில் நான்கு வீடுகள் சராசரிக்குக் கீழேதான் இருக்கின்றன. ஒரே ஒரு புது அடுக்குமாடி வீடு சராசரியை மேலே இழுத்துவிட்டது. சராசரியை மட்டும் கேட்டு, "அந்தப் பக்கமே நமக்குக் கட்டாது" என்று ஒரு குடும்பம் விலகிவிடக்கூடும். இடைநிலையளவு ஏன் தேவை என்று நான் பல ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். மாணவர்கள் தாமாகவே "இதுக்குத்தான் சார் நடு எண்ணைப் பார்க்கணும்" என்று சொன்னது அன்றுதான்.

உண்மையான தரவுக்கு ஒரு எளிய வழி உண்டு. சென்னையில் உறவினர் உள்ள மாணவர்கள் அவர்களிடம் தொலைபேசியில் பேசி, பகுதி, அறைகளின் எண்ணிக்கை, வாடகை, தண்ணீர் வரும் விதம் ஆகிய நான்கை மட்டும் கேட்டு வந்தார்கள். பெயரோ முகவரியோ கேட்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு அறை வீட்டை ஓர் அறை வீட்டோடு ஒப்பிடக் கூடாது என்பதையும் இந்தத் தரவிலிருந்தே கற்றார்கள்.

மூன்றாம் பாடவேளை: அட்வான்ஸும் வட்டியும்

வாடகை மாதம் தவறாமல் கண்ணுக்குத் தெரியும். அட்வான்ஸ் ஒருமுறை கொடுத்ததும் மறந்துபோகும். ஆனால் அதைக் கடன் வாங்கிக் கொடுத்திருந்தால் மாதாமாதம் அதுவும் ஒரு வாடகைதான்.

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அது மூன்று மாத வாடகையை முன்பணத்தின் அளவாகச் சொல்கிறது. இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறது. ஆகவே, சட்டத்தின் அளவு மூன்று மாதம் என்று தெரிந்து பேசுபவரும், தெரியாமல் பேசுபவரும் ஒரே தொகைக்குத் தலையாட்ட மாட்டார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்பதும் அச்சட்டம் சொல்வதே.

கணக்கு இதுதான். ரூ.10,000 வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் ரூ.1,00,000. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் ரூ.2,000. மூன்று மாத அட்வான்ஸ் என்றால் ரூ.30,000, வட்டி ரூ.600. மாதம் ரூ.1,400 மிச்சம். "நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு?" என்று கேட்டேன். முதலில் "இரண்டு" என்ற பதில்தான் வந்தது. 24 என்று கண்டுபிடித்தபோது பலருக்கும் அதிர்ச்சி. அன்று மாலை ஒரு தாய் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "பொண்ணு ராத்திரி என் குழுக் கடனையெல்லாம் உட்கார வைச்சுக் கணக்குப் போடுது சார்" என்றார். புகாரா பாராட்டா என்று தெரியவில்லை, இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன்.

மின்சாரமும் இங்கே வருகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்புக்கு உள்ள சலுகை. தனி மீட்டர் இல்லாத வீட்டில் உரிமையாளர் சொல்லும் யூனிட் விலையைத்தான் கொடுக்க வேண்டிவரும். எனவே "தனி மீட்டரா, யூனிட் எவ்வளவு?" என்ற கேள்வியை மாணவர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள்.

நான்காம் பாடவேளை: வரைபடத்தில் தண்ணீர்

இந்த வகுப்பைச் சமூக அறிவியல் ஆசிரியர் எடுத்தார். சென்னையில் தண்ணீர் இரண்டு வகையில் பிரச்சினை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, நகரமே லாரிக்குக் காத்திருந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2015-இல் முடிச்சூர், கோட்டூர்புரம் போன்ற அடையாற்றை ஒட்டிய பகுதிகளும், 2023-இல் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளும் பெரிதும் பாதிக்கப்பட்டன.

மாணவர்கள் வரைபடத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நீல மையால் நிரப்பினார்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலம், தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வரும் உபரிநீரைத் தாங்கும் இடம். அதைச் சுற்றியே இன்று அடர்த்தியான குடியிருப்புகள். இது இன்று நேற்று நடந்ததல்ல. தியாகராய நகரே 1920-களில் ஒரு பெரிய ஏரியை வடித்து உருவாக்கிய பகுதிதான். நுங்கம்பாக்கத்தின் "லேக் ஏரியா" என்ற பெயரில் ஏரி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"அப்போ வீடு பார்க்கப் போறப்ப என்ன கேட்கணும்?" என்றார் ஆசிரியர். ஒரு மாணவன் சொன்னான்: "வீட்டுக்காரர்கிட்ட கேட்கக் கூடாது சார். தெருவில இருக்கிற பெட்டிக்கடைக்காரர்கிட்ட, மழைக்காலத்துல தண்ணி எதுவரைக்கும் வரும்னு கேட்கணும்." அதைப் பட்டியலில் அப்படியே எழுதினோம்.

பட்டியலில் இல்லாத கட்டம்

முதல் முறை இந்தப் பாடத்தை நடத்தியபோது நான்கு பாடவேளைகளோடு முடித்துவிட எண்ணியிருந்தேன். நான்காம் நாளின் இறுதியில் ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாதவள். "எல்லாம் கணக்குப் போட்டாச்சு சார். வீடு நமக்குத் தருவாங்களா?" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. அவளே சொன்னாள். அவளுடைய சித்தி வீடு தேடியபோது, வாடகையைச் சொல்வதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்களாம். பதிலைக் கேட்ட பிறகு, "நேத்தே ஒருத்தருக்குச் சொல்லிட்டோமே" என்றார்களாம். மூன்று வீடுகளில் இப்படி. வேறு மாணவர்களும் பேசத் தொடங்கினார்கள். ஒரு வீட்டில் கறி சமைக்கக் கூடாது என்றார்கள். இன்னொரு வீட்டில் பெயரைக் கேட்டதும் முகம் மாறியது.

என் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. மூன்று வீடுகளை எழுதி "எது வேண்டும்?" என்று கேட்டபோது, மூன்றும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன என்று நான் எண்ணியிருந்தேன். சமூக அறிவியல் ஆசிரியர் இன்னொன்றையும் நினைவூட்டினார். கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகிய இடங்களின் அரசுக் குடியிருப்புகளுக்கு நகரின் உட்பகுதியிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் மாற்றப்பட்ட குடும்பங்கள் எந்தப் பட்டியலையும் ஒப்பிட்டுச் சென்றவை அல்ல. வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே இருக்க, வீடு மட்டும் தொலைவுக்குப் போனது. வறுமையால் தூரத்து வீட்டைத் தேர்ந்தெடுப்பவர்களை "கணக்குத் தெரியாதவர்கள்" என்று என் மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. தெரிந்தும் வேறு வழி இல்லாதவர்களே பெரும்பாலோர்.

அந்த மாணவியிடம், "உன் கேள்விக்கு என்னிடம் எண் இல்லை அம்மா. ஆனால் கேள்வி சரியானது. அதைப் பட்டியலில் எழுதலாம்" என்றேன். அவளே கரும்பலகைக்கு வந்து "என்ன கேட்டார்கள்?" என்ற தலைப்பில் ஒரு கட்டம் வரைந்தாள். அதற்காகவே இந்தப் பாடம் ஐந்து பாடவேளையாக நீண்டது. ஐந்தாம் நாள் முழுவதும் அந்தக் கட்டத்தைப் பற்றியே பேசினோம். ஒருநாள் தாங்கள் வீட்டு உரிமையாளராகும்போது யாரிடமும் எதைக் கேட்க மாட்டோம் என்று மாணவர்கள் எழுதிய வரிகளை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

பள்ளி என்ற கட்டம்

பட்டியலின் கடைசிக் கட்டம் பள்ளி. இதில் நான் கற்பனை எண் எதையும் இடுவதில்லை. மாணவர்களையே வரைபடத்தில் தேடவைக்கிறேன். கேள்விகள் மூன்று. ஒன்பது, பத்தாம் வகுப்பு உள்ள அரசுப் பள்ளி எங்கே? அங்கே போக எத்தனை பேருந்து? தம்பி தங்கையின் பள்ளியும் அதே வழியிலா?

இங்கே பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவையும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்ற காரணத்தால் சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தரும் உறுதி. ஆண்டின் நடுவில் போனாலும் சேர்க்கலாம். குடும்ப அட்டையின் முகவரி மாறும் வரை, தமிழ்நாட்டுக்குள் வேறு நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்கலாம். இந்த இரண்டும் தெரியாததால் "எல்லாம் செட்டில் ஆகட்டும்" என்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

ஆசிரியர் கவனத்துக்கு

இந்தப் பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். உங்கள் ஊர்க் குடும்பங்கள் எந்த நகரத்துக்குச் செல்கின்றனவோ அந்த நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரோ ஓசூரோ கோவையோ, முறை ஒன்றுதான். எந்த மாணவரின் சொந்தக் குடும்ப வருமானத்தையும் வகுப்பில் கேட்காதீர்கள், கரும்பலகைக் குடும்பமே போதும். "சரியான விடை" என்று ஒரு வீட்டை அறிவிக்காதீர்கள். முதியவர் உள்ள குடும்பத்துக்கும் கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கும் விடை வேறாகும். மதிப்பீட்டில், தேர்ந்தெடுத்த வீட்டுக்கு அல்ல, சொன்ன காரணத்துக்கே மதிப்பெண் கொடுங்கள்.

கடந்த ஆண்டு நவம்பரில் இன்னொரு தந்தை மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். கூடவே அவர் மகளும் வந்தாள், கையில் எங்கள் பட்டியலோடு. "அப்பா, அந்த வீட்டுக்கிட்ட பத்தாவது எங்கே இருக்கு?" என்று என் எதிரிலேயே கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. "அட்வான்ஸ் கொடுத்துட்டீங்களா?" என்றேன். இன்னும் இல்லை என்றார். ஒரு வாரம் கழித்து வந்தார். வேறு வீடு. ஓர் அறை குறைவு, வாடகை ஆயிரத்து ஐந்நூறு அதிகம், உயர்நிலைப் பள்ளி நடக்கும் தூரம். "கணக்குப் போட்டா பெரிய வித்தியாசம் இல்லீங்க சார்" என்றார்.

மாற்றுச் சான்றிதழ் கொடுத்த எட்டாம் நாள் அவள் பெயர் புதிய பள்ளியில் சேர்ந்துவிட்டதை எமிஸில் பார்த்தேன். முதல் மாணவன் இன்று ஒரு கடையில் வேலை செய்கிறான். அவனை மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவர நாங்கள் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. இப்போது சான்றிதழில் தலைமையாசிரியரின் கையெழுத்துக்கு முன், வாடகையைப் பற்றி அல்லாமல், அங்கே உள்ள பள்ளியின் பெயரைக் கேட்கிறோம். பெயர் சொல்லத் தெரியாதவர்களை உட்காரவைத்து, அந்தப் பட்டியலை எடுத்து மேசைமேல் விரிக்கிறோம்.